கோப்பை வென்றால் மேல் லீக்கும் கிடைக்கும்

கோப்பா இத்தாலியா திலெத்தாந்தி. 1966-ல் தொடங்கிய, இத்தாலியின் அமெச்சூர் அணிகளுக்கான கோப்பை. எனக்கு ரொம்பப் பிடித்த கால்பந்துப் போட்டி இதுதான். லொம்பார்தியா, சிசிலி, சார்தீனியா என ஒவ்வொரு வட்டாரமும் முதலில் தனக்குள் ஆடி முடிக்கும். அங்கே வென்றவர்கள் மட்டுமே தேசியச் சுற்றுக்கு வருவார்கள். அதிலும் வெல்லும் அணிக்குக் கோப்பையோடு, நான்காம் நிலை லீக்கான சீரியே டி-யில் இடமும் உண்டு! ஐந்தாம் நிலையான எச்செலென்சாவில் பட்டியலின் நடுவில் இருக்கும் அணியும் இந்த வழியில் மேலேறலாம். அப்புறம் இன்னொரு அருமையான விதி: கோப்பை வென்ற அணி தன் லீக்கிலும் முதலிடம் பிடித்து ஏற்கெனவே முன்னேறியிருந்தால், இறுதி ஆட்டத்தில் தோற்ற அணிக்கு அந்த இடம் போகும். வேலைக்குப் போய்க்கொண்டே பந்தாடும் எத்தனையோ பேருக்கு இதைவிடப் பெரிய இறுதி ஆட்டம் வாழ்க்கையில் வராது. இதை நேரலையில் பார்க்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.