விலகுபவரின் பங்குக்கு என்ன விலை?

நானும் நண்பரும் சரிபாதி முதலீட்டில் தொழில் தொடங்கியபோது, கூட்டு ஒப்பந்தத்தில் லாபப் பங்கீட்டை மட்டுமே விரிவாக எழுதினோம். 6ஆம் ஆண்டில் அவர் விலக விரும்பியபோதுதான், அவருடைய 50 விழுக்காட்டுப் பங்கை யார், எந்த மதிப்பில், எத்தனை தவணைகளில் வாங்குவது என்பதற்கு அந்த நான்கு பக்கங்களில் ஒரு வரிகூட இல்லை என்பது தெரிந்தது. தொழிலின் நற்பெயருக்கும் மதிப்புப் போடச் சொன்னார் அவர். நானோ கணக்கேட்டில் இருந்த சொத்தை மட்டுமே கணக்கிட்டேன். இருவருமே நியாயமாகத்தான் பேசினோம் என்று இன்றும் நம்புகிறேன். பங்குதாரர் இறந்தாலோ, இருவரின் முடிவும் எதிரெதிராக நின்றாலோ என்ன செய்வது, மதிப்பீட்டாளரை யார் நியமிப்பது என்பதையெல்லாம் உறவு நன்றாக இருக்கும்போதே எழுதிக் கையொப்பமிட்டுவிடுங்கள். லாபப் பங்கீட்டையும் எழுதாமல் விட்டவர்களுக்கு, பல நாடுகளின் கூட்டாண்மைச் சட்டப்படி, முதலீடு வேறுபட்டிருந்தாலும் லாபம் சமமாகவே பிரிக்கப்படும்.