அதே குழாய்

இரத்தக்குழாய் வழியே இதயத்துக்குச் சிகிச்சை செய்யும் அறையான கேத் லேபுக்குப் பச்சிளம் குழந்தை வரும் நாளில் நான் முதலில் செய்யும் வேலை ஏசியை அணைப்பது. எங்களுக்கு வியர்த்தாலும் குழந்தைக்குக் குளிரக் கூடாது. மூன்று கிலோ குழந்தையின் உடலில் ஓடும் மொத்த இரத்தமே ஏறத்தாழ 250 மில்லிதான். நனைந்த ஒவ்வொரு பஞ்சையும் கணக்கில் வைப்பேன்.

அன்று வந்த பெண் குழந்தைக்கு இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் வழியிலுள்ள வால்வு திறக்காமலே உருவாகியிருந்தது. கருவில் எல்லோருக்கும் இருந்து, பிறந்த சில நாட்களில் தானாக மூடிக்கொள்ளும் டக்டஸ் குழாய்தான் நுரையீரலுக்கு இரத்தம் போக அவளுக்கு இருந்த வழி. அதைத் திறந்து வைக்க ப்ராஸ்டாகிளாண்டின் ஏறிக்கொண்டிருந்தது. அந்த மருந்தே சில குழந்தைகளுக்கு மூச்சை நிறுத்திவிடும். அதனால் இரவெல்லாம் அவள் மார்பின் ஏற்ற இறக்கத்தையே பார்த்திருந்தேன்.

முந்தைய வாரம்தான் குறைமாதக் குழந்தை ஒன்றுக்கு இதே குழாய் மூடாமல் நின்று நுரையீரலை வெள்ளமாக நிரப்ப, தொடை இரத்தக்குழாய் வழியே அடைப்பான் வைத்து மூடினோம். 700 கிராம் எடையிலிருந்தே பயன்படுத்த 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வகை அது, பட்டாணியைவிடச் சிறியது. ஒருவருக்கு மூடினால்தான் உயிர், இன்னொருவருக்குத் திறந்தால்தான் உயிர். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இது என்னை வியக்க வைக்கிறது.

மார்பைத் திறந்து செயற்கைக் குழாய் பொருத்துவதற்குப் பதிலாக, அன்று அந்த டக்டஸுக்குள், பலூனால் விரித்துப் பொருத்தும் சிறு கம்பிவலைக் குழாயான ஸ்டென்ட் வைத்தார்கள். பலூன் விரிந்ததும் 68 சதவீதத்தில் நின்ற இரத்த ஆக்சிஜன் அளவு மெல்ல 84ஐத் தொட்டது. அறையில் யாரும் பேசவில்லை.

வெளியே தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி ஆபரேஷனே வேண்டாமா, சிஸ்டர்?" என்று கேட்டார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கேள்விக்கு நான் தலையாட்டியிருக்கிறேன். ஆறுதல் சொல்வதாக நினைத்தேன். அப்படி நம்பி வீட்டுக்குப் போன ஒரு குடும்பம், மாதங்கள் கழித்து அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தபோது இடிந்துபோய் உட்கார்ந்ததைப் பார்த்தேன். அந்த முகங்கள் மறக்கவில்லை. கத்தியில்லாச் சிகிச்சை என்ற சொல்லையே அதன்பின் நான் பயன்படுத்துவதில்லை.

"இப்போதைக்கு வேண்டாம், அம்மா. குழந்தை வளரும், ஸ்டென்ட் கூடவே வளராது. பிறகு ஆபரேஷன் தேவைப்படும். அதற்குள் அவள் எடை கூட வேண்டும். எப்போது என்பதை டாக்டர் சொல்வார்" என்றேன்.

வெகுநேரம் அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு ஒருமுறை பால் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்.