பெரிய ஹாலுக்கு ஸ்பீக்கர் தேடிய அனுபவம்

பழைய ஸ்பீக்கர்களில் வூஃபரைச் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய கூம்பு) சுற்றியிருக்கும் ஃபோம் வளையம் உதிரத் தொடங்கிவிட்டது. பல வருடம் உழைத்த ஃபோமுக்கு இது சகஜம்தான், வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஜோடி சின்ன அறைக்கென்று வாங்கியது. இப்போதைய ஹால் 8 மீட்டர் நீளம், 5.5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். சத்தம் குறைவாக வைத்தால் எல்லாம் இனிமையாகவே கேட்கும். கொஞ்சம் ஏற்றினால் மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்க) ஒலி கலங்கிப்போகும். சரி, மாற்றுவதென்றால் நல்லதாகவே மாற்றிவிடுவோம் என்று இறங்கினேன்.

எந்த மாடலையும் பார்ப்பதற்கு முன் டேப் வைத்து அளந்தேன். சோஃபாவிலிருந்து ஸ்பீக்கர் வரை 4.5 மீட்டர். கடைசி வரை என் தேர்வை நடத்தியது இந்த ஒரு எண்தான். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியை, அதாவது 1 வாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பதை, 1 மீட்டர் தூரத்தில் கணக்கிட்டுத்தான் சொல்வார்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 4.5 மீட்டருக்கு 13 டெசிபல் போய்விடும். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து ஒலிப்பதால் 3 திரும்பக் கிடைக்கும்.

சாதாரணமாக 80 டெசிபலில் கேட்பவன் நான். தவில் அடி விழும் நொடியில் 100 வரை போக இடம் வேண்டும். 86 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கருக்கு அந்த நொடியில் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 250 வாட் தேவை. 91 டெசிபல் என்றால் 80 வாட் போதும். சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியும் உதவுவதால் அறைக்குள் உண்மையான தேவை இதைவிடக் குறையும். ஆனாலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கும் என் ஆம்ப் (ஒலிபெருக்கி) 100 வாட். அதை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல நிறுவனங்கள் 2.83 வோல்ட் கொடுத்து அளந்த எண்ணைத்தான் போடுகின்றன. ஸ்பீக்கரின் மின்தடை 8 ஓம் என்றால் அது 1 வாட், 4 ஓமில் 2 வாட். அதாவது, 4 ஓம் ஸ்பீக்கருக்குப் போட்டிருக்கும் எண்ணில் 3 டெசிபல் ஆம்பின் உழைப்பு. பட்டியலைத் திரும்ப எடுத்து இந்தக் கழித்தலைச் செய்தேன். சில பெரிய பெயர்கள் அங்கேயே விழுந்துவிட்டன. இந்தத் தடை (இம்பீடன்ஸ்) மிகவும் கீழே இறங்குகிற இடம் எது என்றும் பார்த்தேன். 8 ஓம் என்று எழுதியிருப்பது பாஸ் (தாழ்ந்த ஒலி) பகுதியில் 3 ஓமுக்கு இறங்குவது உண்டு, அந்த நேரத்தில் ஆம்ப் திணறும்.

கூம்புக்குப் பதில் மெல்லிய படலம் மின்புலத்தால் அதிர்ந்து ஒலிக்கும் எலக்ட்ரோஸ்டேட்டிக் வகை மீது எனக்கு வெகுநாள் ஆசை. குவாட் நிறுவனம் 1957-இல் கொண்டுவந்த வடிவத்துக்கு இன்றும் ரசிகர்கள் இருக்கிறார்கள். குரலும் வீணையும் அதில் கேட்பது தனி அனுபவம். ஆனால் முன்னும் பின்னும் ஒலிக்கும் பேனல் அது. பின்சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும், பெரிய அறையில் ஆழமான பாஸும் போதாது. மனமில்லாமல்தான் விட்டேன்.

டெமோக்களில் நான் விடாப்பிடியாக இருந்த விஷயம், சத்தத்தைச் சமப்படுத்துவது. 1 டெசிபல் கூடினாலே அதுதான் நல்ல ஸ்பீக்கர் என்று காது சொல்லிவிடும். பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலைப் போட்டு, மீட்டர் வைத்து, இரண்டு ஜோடியையும் அரை டெசிபலுக்குள் கொண்டுவந்த பிறகுதான் பாட்டு. அப்புறம் எழுந்து பக்கவாட்டில் நடந்து கேட்பேன். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து ஆட்களைக் கேட்கச் செய்து ஆராய்ந்தார். நேராகவும் பக்கவாட்டிலும் ஒரே சீராக ஒலிக்கும் ஸ்பீக்கரைத்தான் கேட்பவர்களில் பெரும்பாலோர் விரும்பினார்கள். பெரிய ஹாலில் இது இன்னும் முக்கியம். எல்லோரும் நடு சோஃபாவில் உட்காரப் போவதில்லை. ஒருவர் ஜன்னலோரம், இன்னொருவர் சாப்பாட்டு மேஜையில். நேராக உட்கார்ந்தால் மயக்கிய ஒரு ஜோடி, இரண்டடி தள்ளியதுமே மந்தமாகிவிட்டது.

கடைசியில் இரண்டு ஜோடிகள் மிஞ்சின, இரண்டையும் வீட்டில் வைத்துக் கேட்க அனுமதி கிடைத்தது. உயர்ந்த விலைக்கு வாங்குபவர்கள் இதைக் கேட்டுப் பெற்றே ஆக வேண்டும். முதல் ஜோடி 86 டெசிபல், நடுத்தரச் சுருதிகளில் அப்படி ஓர் அழகு. இன்னொன்று 91 டெசிபல், 8 ஓம், ஒலியை மூன்றாகப் பிரித்துத் தரும், தரையில் நிற்கும் மூன்று வழி ஃப்ளோர்ஸ்டாண்டர், ட்வீட்டரைச் (உயர்ந்த ஒலி தரும் பகுதி) சுற்றி, ஒலி பரவுவதை வழிநடத்தும் ஆழமான வேவ்கைடு. முன்னிரவில் தனியே கேட்டபோது முதலாவதுதான் பிடித்தது. மறுநாள் வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, நாதஸ்வரக் கச்சேரியை ஏற்றி வைத்தபோது அது இறுகிவிட்டது. இரண்டாவது அசையவே இல்லை, ஹாலின் மறுமூலையில் இருந்தவருக்கும் தவில் தவிலாகவே கேட்டது. அதை எடுத்துக்கொண்டேன்.

வந்த பிறகு பாஸில் ஒரு பள்ளம் தெரிந்தது. தாழ்ந்த சுரம் ஒன்று மட்டும் காணாமல் போனது. எதிரெதிர் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி அறைக்குள் நிலையான அதிர்வுகளை உண்டாக்கும்; 8 மீட்டர் நீள அறையில் அவற்றில் இரண்டாவது 43 ஹெர்ட்ஸில் வரும். அது அடங்கிப்போகிற புள்ளி, சுவரிலிருந்து கால்பங்கு நீளத்தில், அதாவது 2 மீட்டரில். சோஃபா சரியாக அங்கேதான் இருந்தது. அரை மீட்டர் முன்னால் இழுத்ததும் அந்தச் சுரம் வந்துவிட்டது. சப்வூஃபர் (ஆழமான பாஸுக்கான தனி ஸ்பீக்கர்) வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், இப்போதைக்கு வேண்டாம். அடுத்த வேலை, கண்ணாடி ஜன்னலுக்குக் கனமான திரை.