திருத்த முடியாத, ஆனால் அழிக்க முடிந்த கோப்பு

பினாங்கு லிட்டில் இந்தியாவில் உள்ள ஓர் அச்சகத்துக்குப் பகுதிநேரமாகக் கணினி வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். அழைப்பிதழ் வடிவமைப்பவர்கள் மூவர் எஸ்எஃப்டிபி என்ற பாதுகாப்பான கோப்புப் பரிமாற்ற முறை வழியாக லினக்ஸ் சர்வரில் கோப்புகளை ஏற்றுவார்கள். பட்டர்வொர்த்தில் அச்சு இயந்திரத்தைக் கவனிக்கும் இருவர் அவற்றை இறக்கி அச்சடிப்பார்கள். தைப்பூச வேலைகள் குவிந்திருந்த வாரத்தில், ஓர் அன்னதான அழைப்பிதழில் தேதி தவறியிருப்பதைக் கண்ட பட்டர்வொர்த் அண்ணன், திருத்திய கோப்பை அதே பெயரில் ஏற்ற முயன்றார், அனுமதி மறுக்கப்பட்டது. பழையதை அழித்துப் பார்த்தார், அழிந்தது. புதியதை ஏற்றினார், ஏறியது. மறுநாள் வடிவமைத்தவராலேயே அந்தக் கோப்பைத் திருத்த முடியவில்லை.

கேட்பதற்கு விந்தையாக இருந்தாலும் சர்வர் சரியாகத்தான் நடந்துகொண்டது. ஒரு கோப்பைத் திருத்தும் உரிமை அந்தக் கோப்பின் அனுமதியில் இருக்கிறது. அதை அழிக்கும் உரிமையோ அது இருக்கும் கோப்புறையின் அனுமதியில் இருக்கிறது. எனக்கு முன்பு இருந்தவர் கோப்புறைக்கு 777, அதாவது எல்லோருக்கும் எல்லா உரிமையும், கொடுத்திருந்தார்; ஆனால் புதிய கோப்புகளிலிருந்து எந்த உரிமைகளைக் கழிக்க வேண்டும் என்று சொல்லும் யூமாஸ்க் 022 ஆக இருந்ததால், ஏற்றப்படும் ஒவ்வொரு கோப்பும் 644 ஆகவே பிறந்தது, அதாவது அதை ஏற்றிய உரிமையாளர் எழுதலாம், மற்ற எல்லோரும் வாசிக்க மட்டுமே செய்யலாம். 777 கொடுப்பது, சாவி தொலைந்ததற்காகக் கதவையே கழற்றி வைப்பது போன்ற வேலை.

ஐவரையும் ஒரே குழுவில் சேர்த்தேன். பயனரைக் குழுவில் சேர்க்கும் யூசர்மோட் கட்டளையில் பெரிய ‘ஜி’க்கு முன் சிறிய ‘ஏ’ விடுபட்டால் அந்தப் பயனர் ஏற்கெனவே இருந்த கூடுதல் குழுக்களிலிருந்தெல்லாம் நீக்கப்படுவார். அதை நான் ஒருமுறை பட்டே கற்றேன். கோப்புறையை அந்தக் குழுவுக்கு மாற்றி 2770 கொடுத்தேன்; உரிமையாளருக்கும் குழுவுக்கும் எல்லா உரிமையும் உண்டு, மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. முன்னால் நிற்கும் அந்த 2 இருப்பதால், உள்ளே யார் எதை உருவாக்கினாலும் அது உருவாக்கியவரின் சொந்தக் குழுவுக்குப் போகாமல் கோப்புறையின் குழுவுக்கே சேரும். குழுவின் எழுதும் உரிமை கழிக்கப்படாதபடி எஸ்எஃப்டிபி அமைப்பில் யூமாஸ்க்கை 0002 ஆக்கினேன். பழைய கோப்புகளை ஒரே கட்டளையில் சரிசெய்தாயிற்று.

இடையில் ஒரு தடங்கல். பயனர்கள் வேறெங்கும் போகாதபடி ஒரு கோப்புறைக்குள் அடைக்கும் குரூட் ஏற்பாட்டைச் செய்தபோது, கடவுச்சொல் ஏற்கப்பட்ட மறுகணமே இணைப்பு அறுந்தது. அடைக்கப்படும் கோப்புறையும் அதற்கு மேலுள்ள ஒவ்வொன்றும் ரூட் என்ற நிர்வாகக் கணக்குக்கே சொந்தமாக இருக்க வேண்டும், வேறு எந்தப் பயனருக்கும் குழுவுக்கும் எழுதும் உரிமை இருக்கக் கூடாது என்பதில், எஸ்எஃப்டிபியை இயக்கும் ஓப்பன்எஸ்எஸ்எச் நிரல் கண்டிப்பானது. ஆகவே உரிமையாளர் மட்டுமே எழுதக்கூடிய 755 கொண்ட ரூட் கோப்புறைக்குள், 2770 கொண்ட ‘வேலைகள்’ என்ற இன்னொன்றை வைத்தேன்.

இதன் பிறகும் ஒருவருடைய கோப்புகள் மட்டும் 644 ஆகவே வந்தன. அவர் லினக்ஸ் மடிக்கணினியிலிருந்து கட்டளை வரியில் ஏற்றுபவர். அங்கே கோப்புக்கு இருக்கும் அனுமதியையும் அந்த எஸ்எஃப்டிபி நிரல் சேர்த்தே அனுப்புகிறது. யூமாஸ்க்குக்கு உரிமைகளைக் குறைக்கத்தான் தெரியும், கூட்டத் தெரியாது. சர்வரில் அரை நாள் தேடியபின், அவருடைய மடிக்கணினியின் யூமாஸ்க்கை 002 ஆக மாற்றி, அங்கிருந்த பழைய கோப்புகளுக்கும் குழுவின் எழுதும் உரிமையைச் சேர்த்தேன். அடுத்து அவர் ஏற்றிய பால்குட அழைப்பிதழ், குழுவும் எழுதக்கூடிய 664 ஆக வந்து இறங்கியது.