முட்டி வலிக்கு வந்தவரிடம் வயிற்றை விசாரிக்கிறேன்

மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையில் பதினாறு வருஷமாக நிற்கிறேன், அதில் பாதி முட்டி வலி மாத்திரை எடுத்துக் கொடுத்தே போயிருக்கும். சீட்டு இருக்கிறதோ இல்லையோ, "அண்ணே, அந்த வலி மாத்திரை ஒரு அட்டை" என்றால் கத்தரித்து நீட்டிவிடுவேன்.

வாடிக்கையாக வரும் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர். மனைவிக்கு முடக்குவாதம், காலையில் விரல் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகுமாம். வீட்டில் பன்னிரண்டு வயது லாப்ரடார், பின்காலை இழுத்து இழுத்து நடக்கும். ஒருநாள் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை ஒரு அட்டை கூடுதலாக வாங்கினார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நாலாம் நாள் வந்து, "தம்பி, நாய் தார் மாதிரி கறுப்பா வெளிக்குப் போகுது, சோத்தை மோந்துகூடப் பாக்கல" என்றார். பாதி பாதியாக உடைத்துத் தயிர்சோற்றில் பிசைந்து வைத்திருக்கிறார். தார் மாதிரி என்றால் இரைப்பையில் ரத்தம் கசிகிறது. நமக்கே அந்த மாத்திரையோடு வயிற்றுக்கு ஒன்று சேர்த்து எழுதுவார்கள், நாய்க்குக் கொஞ்சமே போதும், குடலும் சிறுநீரகமும் கெட்டுவிடும். புதுச்சேரி குரும்பாபேட் கால்நடைக் கல்லூரிக்குக் கார் பிடித்துப் போனார்கள், பிழைத்துக்கொண்டது.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, மருந்தாளுநர் படிப்புக்கு வாங்கிய பழைய டி.பார்ம் புத்தகத்தை எடுத்தேன். வாத்தியார் மனைவியின் வாதத்துக்கு மாசாமாசம் நான் எண்ணிக் கொடுக்கும் மஞ்சள் மாத்திரை சல்ஃபாசலசின். 1940 வாக்கில் ஸ்வீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர், மூட்டு வாதத்துக்குப் பின்னால் ஏதோ கிருமி இருக்கும் என்று நினைத்துச் செய்யவைத்த மருந்து. விழுங்கியதில் பெரும்பகுதி அப்படியே பெருங்குடல் வரை போகும், அங்கே இருக்கும் பாக்டீரியாதான் அதை இரண்டாக உடைக்கிறது. ஒரு பாதி குடலிலேயே தங்கி அங்குள்ள வீக்கத்தைத் தணிக்கும், இன்னொன்று ரத்தத்தில் கலக்கும். இதே மாத்திரையை நாய்க்குப் பெருங்குடல் வீக்கம் வந்தாலும் கொடுக்கிறார்கள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததுதான், கல்லாவுக்குப் பின்னால் நின்றதும் மறந்துபோச்சு.

குடல் பாக்டீரியாவுக்கும் வாதத்துக்கும் தொடர்பு உண்டா என்று 2013இல் நியூயார்க்கில், முடக்குவாதம் புதிதாக வந்து மருந்தே தொடாதவர்களின் மலத்தைச் சோதித்தார்கள். பிரெவோடெல்லா காப்ரி என்ற பாக்டீரியா அவர்களில் 75 சதவீதம் பேரிடம் இருந்தது, நோயில்லாதவர்களிடம் 21 சதவீதம். அந்த பாக்டீரியாவால்தான் வாதம் வந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. வாத்தியார் வீட்டு நாயின் கதையே வேறு, அதற்கு இடுப்பு மூட்டுத் தேய்மானம், போதாததற்கு உடம்பு எடை. டாக்டர் முதலில் குறைக்கச் சொன்னது பிஸ்கட்டைத்தான்.

இதைச் சொன்னால் கேட்கிறார்களா? வீடியோ பார்த்துவிட்டு, "நல்ல பாக்டீரியா பொடி குடுங்க, முட்டி வலி போயிடுமாம்" என்று வாரத்துக்கு நாலு பேர் வருகிறார்கள். விற்றால் எனக்கு லாபம்தான். ஆனால் முட்டிக்கு என்று கேட்டு வந்தால் நான் எடுத்துத் தருவதில்லை, அதில் முதலாளிக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்.

இப்போதெல்லாம் வலி மாத்திரை கேட்டால் யாருக்கு, வயிறு எரியுதா, வெளிக்கு எந்த நிறத்தில் போகுது என்று கேட்டுவிட்டுத்தான் கத்தரிக்கோலைத் தொடுகிறேன். போன வாரம் வாத்தியார் வந்தார். நான் வாயைத் திறக்குமுன் கடையே கேட்கும்படி, "ரெண்டு பேருக்கும் நிறம் சரியாத்தான் இருக்கு தம்பி, மாத்திரையைக் குடு" என்றார். பின்னால் நாப்கின் வாங்க நின்ற பெண் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.