கத்தரிக்காயும் கொய்யா இலையும்: நிழல் பழகும் குறிப்புகள்

ஜூன் 2
மூன்று நாளாக ஒரே ஊதாக் கத்தரிக்காயை வரைகிறேன், உருண்டு வரவே மாட்டேன் என்கிறது. இன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது. வலப்பக்கம் ஜன்னல், தலைக்கு மேலே டியூப்லைட், இரண்டும் சேர்ந்து காயின் மேல் இரண்டு பளபளப்பு விழ, நான் இரண்டையும் வரைந்து வைத்திருக்கிறேன். தாவரப் படங்களில் வெளிச்சம் இட மேல் மூலையிலிருந்து வருவதாக வைத்துக்கொள்வதுதான் வழக்கம். டியூப்லைட்டை அணைத்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, மேசை விளக்கை இடப்பக்கம் உயரத்தில் வைத்தேன். வலது கையால் வரைகிற எனக்கு, கையின் நிழல் தாளில் விழுகிற தொல்லையும் போயிற்று.

ஜூன் 3
கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் நிறம் மங்கி அடர்த்தி மட்டும் தெரியும். அப்படிப் பார்த்தபோது, காயின் மிகக் கருத்த இடம் ஓரத்தில் இல்லை! ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு பட்டையாக ஓடுகிறது. அதற்கு வெளியே, கீழே விரித்த வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பி வரும் மெல்லிய வெளிச்சம் இருக்கிறது. இத்தனை நாளும் நான் அந்த ஓரத்தைத்தான் அழுத்தி அழுத்திக் கருப்பாக்கிக் கொண்டிருந்தேன். புட்டி ரப்பரால் (மாவு மாதிரி பிசைந்து உருட்டக்கூடிய அழிப்பான்) அங்கே லேசாக ஒற்றி எடுத்தேன், காய் அப்படியே உருண்டு எழுந்தது. எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

ஜூன் 5
பென்சில் வரிசை: முதலில் கெட்டியான, வெளிறிய கோடு தரும் 2எச், அப்புறம் நடுத்தரமான எச்பி, மென்மையான, கருத்த 2பி கடைசியில் அந்தக் கருத்த பட்டைக்கும் காம்புத் தொப்பியின் அடியில் விழும் நிழலுக்கும் மட்டும். விரலாலோ டிஷ்யூவாலோ தேய்ப்பதை நிறுத்திவிட்டேன், தேய்த்தால் தோல் தோலாக இல்லாமல் புகையாகிவிடுகிறது. கூரான முனையால் சின்னச் சின்ன வட்டங்களாக, ஒன்றின் மேல் ஒன்று. நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். பளபளப்பு இருக்கிற இடத்தில் தாளைத் தொடவே கூடாது. கத்தரி மாதிரி வழவழப்பான தோலில் அந்த வெள்ளையின் விளிம்பு வெட்டினாற்போல் நிற்கும், சப்போட்டா மாதிரி சொரசொரப்பான தோலில் மெதுவாகக் கரையும்.

ஜூன் 9
கொய்யா இலை. மேல்பக்கம் நரம்புகள் பள்ளமாக இறங்கியிருக்கின்றன, அடிப்பக்கம் அதே நரம்புகள் மேடாக எழுந்து நிற்கின்றன. வெளிச்சம் இடப்பக்கம் என்றால், பள்ளத்தில் இடச்சுவர் கருக்கும், வலச்சுவர் ஒளி வாங்கும். மேட்டில் அப்படியே தலைகீழ். இதைப் பார்க்காமல் எல்லா நரம்புக்கும் ஒரு கருப்புக் கோடு இழுத்தால் இலை பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடுகிறது. ஒரே ஒரு நரம்பிடை மேட்டை மட்டும் முழுதாக முடித்தேன், ஒரு மணி நேரம்.

ஜூன் 12
தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை சென்னையிலிருந்து வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படங்களின் ஸ்கேன்களை இரவெல்லாம் பார்த்தேன். வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து. பெரும்பாலும் வண்ணமில்லாத கல்லச்சுப் படங்கள் (கல்லில் வரைந்து தாளில் அச்சிட்டவை), செடி வெறும் தாளில் நிற்கிறது, தரையில் விழும் நிழல் கிடையாது. நானும் இனி அதை விட்டுவிடப் போகிறேன், அது செடியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆனால் ஓர் இலை இன்னோர் இலை மேல் போடும் நிழல் வேண்டும், எது முன்னால், எது பின்னால் என்பதை அதுதான் காட்டுகிறது.

ஜூன் 15
நந்தியாவட்டை. வெள்ளைப் பூவுக்கு நிழல் போடவே கை நடுங்குகிறது. பூவைக் கிட்டத்தட்டத் தொடாமல் பின்னாலிருக்கும் இலையை 2பி வரை கொண்டுபோனேன், பூ தானாக முன்னே வந்தது. இதழ்மேல் இதழ் ஏறுகிற இடத்தில் மட்டும் 2எச், அதுவும் மூச்சு விடுகிற அளவுக்கு. இரண்டு இதழ்தான் முடிந்திருக்கிறது, மிச்ச மூன்று நாளைக்கு. அதே கிளையில் இன்னொரு மொக்கு விரியக் காத்திருக்கிறது, விளக்கை நகர்த்த வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.