ஆண்டு முடிவில் ஒரு மாயநாட்டுக் கணக்கு

ஆண்டு முழுக்க எழுதிச் சேர்த்த ஃபேண்டஸி நாவலின் வரைவை டிசம்பரில் எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். புது அத்தியாயம் எதையும் தொடங்காமல் பத்துப் பதினைந்து நாளை இதற்கே ஒதுக்கலாம். மந்திரமும் வரமும் சாபமும் அப்படியே இருக்கட்டும். அவற்றைச் சுற்றி இருக்கிற மலை, வழி, நிலா, உலை, சோறு இவற்றைத்தான் சரிபார்க்க வேண்டும். பறக்கும் குதிரையை வாசகர் தயங்காமல் நம்பிவிடுவார். அந்தக் குதிரை திணறி ஏறிய மலையை அடுத்த பக்கத்தில் ஒரு பாட்டி விறகுக்கட்டோடு அரை நாழிகையில் ஏறினால் புத்தகத்தை மூடிவிடுவார்.

இதற்கு ஒரு நோட்டு போதும். பக்கத்தை ஐந்து கட்டமாகப் பிரித்து அத்தியாய எண், நாளும் திதியும், இடம், அங்கே யார் யார், யார் கையில் என்ன பொருள் என்று எழுதிக்கொண்டே வர வேண்டும். வரைவைத் திருத்திக்கொண்டே இதைச் செய்யக் கூடாது. திருத்தத் தொடங்கினால் வாக்கியத்தில் மனம் சிக்கிக்கொள்ளும். ஏழாம் அத்தியாயத்தில் ஆற்றோடு போன வாள் பன்னிரண்டில் இடுப்பில் தொங்குவது கண்ணில் படாது.

முதலில் காலை வாருவது தொலைவு. சேலத்துக்காரர்களுக்கு அளவுகோல் கண்ணெதிரே நிற்கிறது. நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 280 மீட்டர். ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேல். 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில் சுமார் 30 கிலோமீட்டர். சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது மலை ஏறுபவர்கள் நெடுநாளாக வைத்திருக்கும் கணக்கு. அதன்படி, சுமையில்லாத திடமான ஆளுக்கே 8 மணி நேரம் ஆகும். ஒற்றையடிப் பாதையில் குறுக்கே ஏறினால் தூரம் குறையும், ஏற்றம் குறையாது. வீரன் காலையில் அடிவாரத்தில் கஞ்சி குடித்துவிட்டு உச்சி வெயிலுக்குள் மலைக்கோயிலில் வாள் வீசினால், அவன் மூச்சு வாங்க வேண்டும், அல்லது அங்கே மாயம் வேலை செய்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் விடுவதுதான் பிழை. இறங்குவதற்குப் பாதி நேரம் போடுவதும் சரியல்ல. செங்குத்தான இறக்கத்தில் வேகத்தை முழங்கால்தான் தீர்மானிக்கும்.

படை நடக்கிறதென்றால் சோற்றுக் கணக்கு சேர்ந்துகொள்ளும். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோ தானியம் என்று வைத்தால் 100 பேருக்கு 75 கிலோ, 10 நாளுக்கு 750 கிலோ. ஒரு பொதிமாடு 100 கிலோ சுமக்கும் என்றால் 8 மாடு. அந்த மாடுகளுக்குத் தண்ணீரும் புல்லும் வழியில் கிடைக்க வேண்டும். எனவே படை ஆற்றோரமாகத்தான் போகும், எதிரியும் அங்கேதான் காத்திருப்பான். கதைத் திருப்பம் ஒன்று இப்படிக் கணக்கிலிருந்தே கிடைத்துவிடுகிறது. மேலே ஏறிய பிறகு குளிர்: 1,000 மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும், ஆக அடிவாரத்துக்கும் ஏற்காட்டு உயரத்துக்கும் ஏறக்குறைய 8 டிகிரி வித்தியாசம். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரம் பிடிக்கும், விறகும் கூடுதலாகச் செலவாகும். கீழ்நாட்டுச் சமையல்காரன் மலைமேல் முதல் நாள் வைக்கும் குழம்பில் பருப்பு நறுக்கென்று கடிபட்டால், அந்த ஒரு வரியில் மலை வந்துவிடும்.

விளைச்சலையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஏற்காடு இருக்கும் இன்றைய சேர்வராயன் மலையை அப்படியே பழங்கால மாயநாடாக வரைந்தால் சிக்கல். காப்பி இங்கே வந்தது 19ஆம் நூற்றாண்டில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். மிளகுக்கொடி ஏறி நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். அடிவாரத்து மரவள்ளியும் பச்சை மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கடல் கடந்து வந்தவை. தினை, சாமை, தேன், பலா, மூங்கிலரிசி இவை பழைய மலையின் சாப்பாடு. கற்பனை நாட்டில் மிளகாய் இருக்கக் கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் மிளகாய் இருந்தால் அதைக் கொண்டுவந்த கப்பலும் துறைமுகமும் அந்த உலகத்தில் எங்கேயோ இருக்க வேண்டும்.

இரும்புதான் இந்த மண்ணின் பெரிய செல்வம். மாய வாள் எழுதுகிறவர்கள் சேலத்தைச் சுற்றி எவ்வளவு கிடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் வெளிநாட்டுப் பட்டறைகளை வர்ணிப்பது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. சேலத்துக்குத் தென்மேற்கே உள்ள கஞ்சமலையில் இருப்பது மேக்னடைட் என்னும் காந்தத் தாது. பாறைக்கு அருகே திசைகாட்டியின் முள் விலகும். வழி தவறும் காட்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத், 19ஆம் நூற்றாண்டில் தென்னாட்டு எஃகு செய்முறையை எழுதி வைத்திருக்கிறார். உருக்கி எடுத்த இரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி மண் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண் கிண்ணத்தில் போடுவார்கள். அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங்குச்சியைப் பொடியாக நறுக்கிச் சேர்த்து, மேலே எருக்கிலை வைத்து, வாயைக் களிமண்ணால் பூசி அடைப்பார்கள். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை வளைவாக அடுக்கிக் கரி போட்டு, துருத்தியால் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஆறியபின் மூசையை உடைத்தால் உள்ளே எஃகுக் கட்டி இருக்கும்.

எங்கெங்கே தவறும் என்பது கதைக்கு இன்னும் முக்கியம். மூசையில் விரிசல் விட்டால் காற்று புகுந்து கரிமம் எரிந்துபோகும், எஃகு கடினப்படாது. கரிமம் கூடினால் கட்டி சம்மட்டிக்கு நொறுங்கும். அடிக்கும்போது சூடு மிஞ்சினாலும் உதிர்ந்துவிடும். ஆகவே கொல்லர் வெள்ளைச் சூட்டில் அடிக்கவே மாட்டார், செஞ்சூட்டில் பொறுமையாக அடிப்பார். கவனியுங்கள், வாய் பூசியதிலிருந்து உடைக்கிறவரை உள்ளே என்ன நடக்கிறது என்று கொல்லருக்கே தெரியாது. மந்திரம் உட்கார வேண்டிய இடம் அந்த இரண்டரை மணி நேரம். வேலை தெரிந்தவனே கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் இடத்தில் வைத்த மாயம் நிற்கும். அவன் கண்ணால் பார்த்துக் கையால் செய்கிற இடத்தில் வைத்தால் ஒட்டாது. ஒவ்வொரு அத்தியாயத்தின் மாயத்தையும் இந்தக் கேள்வியால் சோதிக்கலாம்: உண்மையான வேலையில் மனிதன் கை விடும் இடம் எது, நாம் மாயத்தை வைத்திருப்பது அங்கேதானா? வரைவில் பாதி மாயங்கள் இடம் மாற வேண்டியிருக்கும்.

நிலாவுக்கு ஒரு மாலை போதும். பௌர்ணமி நிலா சூரியன் மறையும் வேளையில் உதிக்கும். அதன்பின் ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம், ஏறக்குறைய 2 நாழிகை, தள்ளி உதிக்கும். வளர்பிறைப் பஞ்சமி நிலா இரவு பத்து, பதினொரு மணிக்குள் மறைந்துவிடும். நடுஜாமத்தில் அதன் ஒளியில் ஒற்றன் ஓலை படிக்க முடியாது. சூரிய கிரகணம் அமாவாசையில் மட்டும், சந்திர கிரகணம் பௌர்ணமியில் மட்டும். நோட்டின் திதிக் கட்டத்தை மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டினால் பிழைகள் தானாகத் தெரியும். வரைவில் ‘பௌர்ணமி’ என்று தேடும்போது ஓர் எச்சரிக்கை: பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ‘பெ’ என்று தட்டி அடுத்து ‘ள’ எழுத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். திரையில் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது. இரண்டு வகையிலும் தேடுங்கள்.

பேச்சில் விளிகளைப் பாருங்கள். சேனாதிபதி அரசனை மூன்றாம் அத்தியாயத்தில் ‘தாங்கள்’ என்றும் ஒன்பதில் ‘நீர்’ என்றும் அழைத்தால் நடுவே ஏதோ முறிந்திருக்க வேண்டும். மலைக்குடிப் பெண் ‘ஏனுங்க’ என்று கொங்குத் தமிழில் பேசினால் அவள் அண்ணனும் அப்படித்தான் பேச வேண்டும்.

காசையும் காலத்தையும் பற்றி வெளிப்படையாகப் பேசிக்கொள்ளலாம். 300 ரூபாய் புத்தகத்துக்குப் பொதுவாகக் கிடைக்கும் 10 சதவீத உரிமைத்தொகை 30 ரூபாய். 500 பிரதி விற்றால் 15,000. வேலையை விடலாமா என்று யோசிப்பதற்கு முன் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஆனால் நாளுக்கு 250 சொல், வாரத்துக்கு 5 நாள், 48 வாரம் என்றால் 60,000 சொல் ஆகிறது. வேலைக்குப் போய் வருகிறவருக்கும் எட்டுகிற அளவுதான். மீதி 4 வாரம் காய்ச்சலுக்கும் கல்யாணங்களுக்கும். ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழா நாட்களில் எழுத்து நகரும் என்று திட்டம் போட வேண்டாம். டெமி என்னும் புத்தக அளவில் பக்கத்துக்கு 225 சொல் என்றால் 60,000 சொல் 267 பக்கம். முன்பக்கங்கள் சேர்த்து 272, அதாவது ஒன்றாக அச்சடித்து மடிக்கும் 16 பக்கத் தாள், அச்சகத்தார் சொல்லும் ஃபாரம், 17. அதற்கு மேல் இரண்டு பக்கம் வழிந்தால் இன்னொரு ஃபாரம் செலவு. வெட்ட வேண்டிய வர்ணனையை இப்போதே வெட்டிவிடுவது நல்லது.

பொங்கல் முடிந்ததும் மூன்று பேருக்குத் தாளில் அச்செடுத்துக் கொடுங்கள்: ஃபேண்டஸி படிக்கிறவர் ஒருவர், படிக்காதவர் ஒருவர், தோட்டம் துரவு தெரிந்தவர் ஒருவர். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும். எங்கே வேகமாகப் புரட்டினார்கள், எங்கே திரும்பிப் போய்ப் படித்தார்கள், எங்கே நம்பவில்லை என்று ஓரத்தில் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். அவர்கள் படித்து முடிக்கும்வரை நோட்டில் உள்ள பிழைகளை நிலா, வழி, பொருள் என்ற வரிசையில் திருத்தலாம். திதி மாறினால் பயண நாள் மாறும், பயணம் மாறினால் யார் கையில் என்ன இருக்கிறது என்பது மாறும். தலைகீழாகத் தொடங்கினால் ஒரே பக்கத்தை இரண்டு தடவை திருத்த வேண்டி வரும்.